நிம்மதி சிஸ்டம் மாற்றிய ஞாயிறு

"இது ஒண்ணு முடிஞ்சிட்டா நிம்மதி" என்று அவன் சொல்லாத நாள் கிடையாது. அதனாலேயே அவன் கம்ப்யூட்டர் பார்க்கப் போகிற கடைகளிலும் ஆபீஸ்களிலும் அவனுக்கு நிம்மதி என்றே பெயர் விழுந்துவிட்டது. நிம்மதி வந்தாச்சா, நிம்மதிக்கு ஒரு போன் போடு, நிம்மதி டீ குடிக்க மாட்டான், நேரமில்லை என்பான். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. பொருத்தம் பார்த்து வைக்கவில்லை என்பது மட்டும் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே தெரிந்துவிடும். உட்கார்ந்தால் ஒரு கால் ஆடும். காலை நிறுத்தச் சொன்னால் விரல் மேஜையில் தாளம் போடும். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பான்.

"பூட்டுக்கு வாய் இருந்தா அழுதிருக்கும், விடுங்க" என்பாள் மனைவி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். நாள் முழுக்க ஊராரின் அவசரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னொரு அவசரம் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருக்கும். ஒருவிதத்தில் அவளுக்கு அது பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தொழிலில் இந்தப் பதற்றம் அவனுக்குச் சோறு போட்டது. அவன் கைக்குப் போன கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் காணாமல் போனதாக யாரும் சொன்னதில்லை. காப்பி எடுப்பான். எடுத்த காப்பியை இன்னொரு காப்பி எடுப்பான். இரண்டையும் திறந்து பார்ப்பான். எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்பும் அதன் முதுகை போனில் படம் எடுத்துக்கொள்வான், எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று பின்னால் தலையைச் சொறியக் கூடாதல்லவா. அவன் போனில் மனிதர்களின் படங்களைவிடக் கம்ப்யூட்டர் முதுகுகளின் படங்கள்தான் அதிகம்.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு, வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்ததிலிருந்து இந்தப் பதற்றம் ஒரே இடத்தில் குவிந்துவிட்டது. முன்னறையில் ஜன்னலோரம் அப்பாவின் நாற்காலி. அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக சிலிண்டர். சிலிண்டரின் தலையில் ஒரு வட்ட மீட்டர், அதில் ஒரு முள். எவ்வளவு காற்று மிச்சம் என்று அது காட்டும். அதற்குக் கீழே ஒரு திருகு, எண் போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். திருகைத் திருப்பினால் குழாய்க்குள் சின்ன உருண்டை மேலே ஏறும். உருண்டை இரண்டில் நிற்க வேண்டும், முழித்திருக்கிற நேரம் தூங்குகிற நேரம் எல்லாம், என்பது டாக்டர் சொன்னது. காற்று ஒரு தண்ணீர்ப் பாட்டில் வழியாகக் குமிழி விட்டு, அதற்குப் பிறகுதான் அப்பாவின் மூக்குக்குப் போகும். அந்தக் குளுகுளு சத்தம் வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

நிம்மதி அந்த முள்ளை வெளியே கிளம்புமுன் பார்ப்பான். வந்ததும் பார்ப்பான். பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்ப்பான். தூக்கத்தில் குமிழிச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து போன் வெளிச்சத்தில் பார்ப்பான். முள் கீழே சாய்ந்துவிட்டால் அவனுக்கு வேலை ஓடாது. அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிலிண்டர் கொடுக்கிற கடையும் அவனிடம்தான் கம்ப்யூட்டர் பார்க்கக் கொடுத்திருந்தது. முன்னால் ஒரு மேஜை, பின்னால் சங்கிலி கட்டி நிறுத்திய சிலிண்டர்கள், வாசலில் ஒரு சின்ன லாரி. மேஜையில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்குக் கடையில் கன்ட்ரோல் ரூம் என்று பெயர். எந்த வீட்டுக்கு என்றைக்கு சிலிண்டர் போக வேண்டும் என்பது அவள் கையில். அவள் இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு மூச்சு முட்டும் என்பார் முதலாளி. அது வெறும் பேச்சும் இல்லை.

அந்தக் கடையின் கம்ப்யூட்டர் கிழடு தட்டிவிட்டது. அதில் இருந்த சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று அறிவிப்பு வந்து நாளாகியிருந்தது. பில் போடுகிற சாஃப்ட்வேர்காரர்களும் பழைய சிஸ்டத்தில் எங்கள் சரக்கு ஓடாது என்று கையை விரித்துவிட்டார்கள். அக்கா தன் தங்கை வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிடு என்றார் முதலாளி. நிம்மதி அதற்கு ஒரு கல்யாணத்துக்குத் திட்டம் போடுவதைப் போலத் திட்டம் போட்டான். பிரிண்டருக்கு வேண்டிய மென்பொருள் முன்கூட்டியே இறக்கியாயிற்று. புது சிஸ்டம் பென் டிரைவில் தயார். அது கெட்டுப்போனால் இன்னொரு பென் டிரைவ். கரண்ட் போனால் பேட்டரிப் பெட்டி.

முந்தின நாள் அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, முக்கியமான ஃபைல் எல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு. கண்ணு முன்னாடி இருந்தாதான் எனக்கு வேலை ஓடும்."

"வேற எங்கயாவது?"

"மண்டையில கொஞ்சம் இருக்கு. அதையும் காப்பி எடுத்துக்கறியா?"

அவன் சிரிக்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னணியில் ஒரு ஏரிப் படம். இந்தப் பக்கம் கரை, நடுவில் தண்ணீர், தூரத்தில் அக்கரை. அதன்மேல் கண்ட இடத்தில் ஃபோல்டர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபோல்டர், அதில் டாக்டர் சீட்டு, போன் நம்பர், பில். பெயர்களும் அக்கா வைத்தவைதான்: மாடி வாத்தியார், நாய் வீடு, சந்து அம்மா, கோபக்கார மருமகள். தண்ணீரில் நாலு, கரையில் மூன்று, மூலையில் ஒன்று என்று வாரி இறைத்தது மாதிரி கிடந்தன. இதை எப்படித்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ என்று அவனுக்கு உடம்பெல்லாம் அரித்தது.

ஞாயிறு காலை முதலில் வந்து கடையைத் திறந்தவன் அவன்தான். ஃபைல்களை இரண்டு டிஸ்க்கில் ஏற்றினான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்தான். ஏரிப் படத்தைக்கூட விடவில்லை. மெஷினின் முதுகைப் படம் எடுத்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று திரை கேட்டபோது, தெரிந்த கேள்விதான் என்றாலும், விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அழுத்தினான்.

பிறகு திரையில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டுகிற எண் ஏறத் தொடங்கியது. ஏறுகிற வரைக்கும் பரவாயில்லை, பாதியில் ஒரு இடத்தில் நின்றுகொண்டு அசையாமல் கிடக்குமே, அந்த நேரத்தில் அவனுக்குப் பிராணன் போய்ப் பிராணன் வரும். சிலிண்டர்களுக்கு நடுவே நடந்தான். சங்கிலிகளை இழுத்துப் பார்த்தான். வீட்டுக்குப் போன் போட்டான்.

"அப்பா, முள்ளு எங்க இருக்கு?"

"இருக்கிற இடத்துலதான் இருக்கு. நீ உன் வேலையைப் பாருடா."

"இல்லப்பா, எவ்வளவு காட்டுது?"

"நிறைய காட்டுது. வை."

மனைவிக்கு அன்று ஞாயிறு ஷிப்ட். அப்பா தனியாகத்தான் இருந்தார். குரலில் இளைப்பு கொஞ்சம் கூட இருந்த மாதிரி அவனுக்குப் பட்டது. ஆனால் அவனுக்கு எப்போதும்தான் அப்படிப் படும். திரும்பிப் பார்த்தால் எண் நகர்ந்திருந்தது.

மதியம் ஆவதற்குள் புது சிஸ்டம் எழுந்து உட்கார்ந்தது. பில் சாஃப்ட்வேர் முதல் தட்டிலேயே திறந்தது. ஏரியைப் பின்னணியில் மாட்டி, ஃபைல்களைத் திருப்பி ஏற்றினான். ஃபோல்டர்கள் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே, அகர வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஏரி காலியாக, சுத்தமாக இருந்தது. இப்போதாவது பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். காலையிலிருந்து அவன் கால் ஆடாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

லாரி ஓட்டுகிற அண்ணன் பல்குச்சியோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். குச்சியை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னப்பா இது, எல்லாரும் லைன்ல நிக்கறாங்க?"

"புது சிஸ்டம் அண்ணே. நீட்டா இருக்கில்ல?"

"நீட்டாத்தான் இருக்கு. இன்னைக்கு நான் யார் வீட்டுக்குப் போறது?"

"அக்கா சொல்லிட்டுப் போகலையா?"

"சொன்னாளே, ஏரியைப் பார்த்துப் போன்னு." அண்ணன் விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கரையில இருந்தா இன்னைக்குக் குடுக்கணும். தண்ணியில இருந்தா நாளைக்கு, மறுநாளு. அக்கரையில இருந்தா சிலிண்டர் நிறைஞ்சு இருக்கு, கரையேறினவங்கன்னு அர்த்தம். தினமும் அவ நகர்த்தி நகர்த்தி வைப்பா. இன்னைக்குக் கரையில யாரெல்லாம் இருந்தாங்க?"

நிம்மதி காப்பி எடுத்த இரண்டு டிஸ்க்கையும் திறந்து பார்த்தான். எந்த ஃபோல்டர் எங்கே நின்றது என்பது எந்த ஃபைலிலும் இல்லை. அது பழைய சிஸ்டத்தின் ஞாபகத்தில் இருந்தது. அந்தச் சிஸ்டத்தைக் காலையில்தான் தன் கையாலேயே அழித்தான். போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முதுகு, முதுகு, முதுகு. முதுகைப் படம் எடுத்தவனுக்கு ஒரு தடவை முகத்தையும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

"வீடு வீடா போன் போட்டுக் கேப்போம் அண்ணே."

போட்டான். கோபக்கார மருமகள் ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டீர்களா என்று கத்தினாள். நாய் வீட்டில் நாய்தான் பேசியது. மாடி வாத்தியார் "இருக்கு, இருக்கு" என்றார்.

"அவரு எப்பவும் அப்படித்தான் சொல்வாரு" என்றார் அண்ணன். "சிலிண்டர் காலியாகி மூஞ்சி நீலமானாலும் இருக்கும்பாரு. அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதாம். இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் கன்ட்ரோல் ரூமே வேணும்."

அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். மறுபடியும். யாரோ ஒருவர் வீட்டில் இந்த நிமிஷம் காற்று தீர்ந்துகொண்டிருக்கலாம், அதற்குத் தான்தான் காரணம் என்ற நினைப்பு அவனை நிற்கவிடவில்லை, உட்காரவிடவில்லை. கடைசியில் ஸ்பீக்கரில் ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"என்ன தம்பி? குழந்தை இப்பத்தான் கண்ணை மூடிச்சு."

"அக்கா, ஏரி..."

"ஏரிக்கு என்ன?"

"ஏரி இருக்கு. ஆளுங்க எல்லாரும் இடம் மாறிட்டாங்க."

"எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டேன்னியே?"

"ஒரு ஃபைல் விடலைக்கா. எது எங்க நின்னுச்சுன்னு எடுக்கலை. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா? குப்பை மாதிரி கிடக்குன்னு நெனச்சிருப்ப. உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது நேத்து."

"ரெண்டு பேரும் நாளைக்குச் சண்டை போடுங்க" என்றார் அண்ணன். "வண்டி எங்க போகணும், அதைச் சொல்லு தாயி."

அக்கா கிசுகிசுத்தபடியே சொல்லத் தொடங்கினாள். மாடி வாத்தியார் கரையில், முதல் ஆள். சந்து அம்மா கரையில். நாய் வீடு தண்ணீரில், ஆனால் கரைக்குக் கிட்டே. நடுநடுவே "இரு, யோசிக்கறேன்" என்று நிறுத்தினாள், ஒரு வீட்டைக் கரையில் வைத்துவிட்டு, இல்லை அது போன தடவை என்று அக்கரைக்கு அனுப்பினாள். அவன் ஒவ்வொன்றாக இழுத்து வைத்தான். கரை நிறைந்ததும் அண்ணன் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு போய் லாரியில் ஏற்றத் தொடங்கினார். இடது ஓரம் காலியாகிக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. அதன் பெயர் நிம்மதி அப்பா.

"எங்க அப்பாவுக்கு நேத்துதானே வந்துச்சு. அக்கரையில வச்சிடறேன்க்கா."

அவன் ஃபோல்டரை அக்கரைக்கு இழுத்தான்.

"சரிதானேக்கா?"

"அது அக்கரையில இல்ல தம்பி. கீழே வலது மூலையில, கடிகாரத்துக்குப் பக்கத்துல, தனியா இருக்கும்."

"அங்க எதுக்கு?"

"மணி பார்க்கறப்ப எல்லாம் என் கண்ணுல படணும்னு."

ஆடிக்கொண்டிருந்த அவன் கால் நின்றுவிட்டது.

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன். ஆனா நானும் ஊர்ல இல்ல, இன்னைக்கு அவருக்குப் போனும் பண்ணலை, எனக்கே மனசு கேக்கலை" என்றாள் அக்கா. "ரெண்டுல ஓடினா உங்க வீட்டு சிலிண்டர் எப்ப தீரணுமோ அப்ப தீர மாட்டேங்குது. தள்ளிப் போச்சு, இன்னும் தள்ளிப் போச்சு. வேற கடையில வாங்கறீங்களோன்னுகூட நெனச்சேன். அப்புறம் அவரையே கேட்டேன். நீ வெளிய போனதும் திருகைக் குறைச்சு வச்சிடறாருப்பா. உன் வண்டி சத்தம் தெருமுனையில கேட்டதும் கூட்டி வைக்கறாரு."

"எதுக்கு?"

"அதை அவர்கிட்டயே கேளு. நான் தினமும் போன் பண்ணித் திட்டுவேன். போனை பாட்டில்கிட்ட பிடிங்கம்பேன். குமிழி சத்தம் நல்லா கேட்டாத்தான் வைப்பேன். சரி, குழந்தை அழுவுது."

புது சிஸ்டம் ஓரத்தில் ஏதோ அப்டேட் ஓட்டிக்கொண்டிருந்தது. பிரிண்டரை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. நிம்மதி எழுந்தான். "அண்ணே, இது பாட்டுக்கு ஓடட்டும், கடையைப் பூட்டிட்டுக் கிளம்புங்க" என்றான். அண்ணன் வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது. இந்த ஆள் பாதி வேலையை விட்டுவிட்டுப் போய் அவர் பார்த்ததே இல்லை.

வண்டியைத் தெருமுனைக்கு முன்னாலேயே நிறுத்தினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குத் திருட வந்தவனாட்டம் சுவரோரமாக நடந்து, ஜன்னல் பக்கம் நின்றான்.

அப்பா நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. பாட்டிலில் ஒரு குமிழி வந்தது, நின்றது, யோசித்து இன்னொன்று வந்தது. அப்போது அவர் போன் அடித்தது. அவர் முதலில் போனை எடுக்கவில்லை. கையை நீட்டித் திருகைத் திருப்பினார். குமிழிகள் குளுகுளுவென்று கிளம்பின. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தார்.

"சொல்லும்மா. ரெண்டுலதான் வச்சிருக்கேன். இந்தா, கேட்டுக்கோ." போனைப் பாட்டில் பக்கத்தில் பிடித்தார். "கேட்டுச்சா? சரி. நீ குழந்தையைப் பாரு."

போனை மடியில் வைத்தார். திருகைத் திரும்பக் குறைத்தார். குமிழி அடங்கியது.

ஊரில் யார் கண்ணுக்கும் தப்பாத கன்ட்ரோல் ரூமையே ஏமாற்றுகிற மனிதர்! நிம்மதிக்கு முதலில் வந்தது கோபம்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

அப்பா திடுக்கிட்டுத் திருகின்மேல் கை வைத்தார். "எப்படா வந்தே? வண்டி சத்தமே கேக்கலை."

"கேக்கக் கூடாதுன்னுதான். எவ்வளவு நாளாப்பா இது?"

அப்பா அவன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். மறைக்கிறதில் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"முள்ளு இறங்கினா நீ சாப்பிட மாட்டேங்கறே" என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "தூங்க மாட்டேங்கறே. வேலையை விட்டு ஓடி வர்றே. அது மெல்ல இறங்கினா நீ கொஞ்சம் சும்மா இருப்பேன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு மூச்சு வேணாமாப்பா?"

"நீ அந்த முள்ளைப் பார்க்கறே. நான் உன்னைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். ராத்திரி நீ எழுந்து வர்றப்ப எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு முழிச்சுத்தான் இருக்கேன்."

இத்தனை நாள் அவன் அப்பாவின் மூச்சுக்குக் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த மூச்சில் பாதியைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை அவன் அடக்கவில்லை. திருகைத் திருப்பி உருண்டையை இரண்டில் நிறுத்தினான். கொடியில் கிடந்த துண்டை எடுத்து முள்ளின்மேல் போட்டு, பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டான்.

"என்னடா பண்றே?"

"எப்ப தீரும்னு அக்காவுக்குத் தெரியும். அது அவங்க வேலை. இனிமே நான் இதைப் பார்க்க மாட்டேன். நீங்க திருகைத் தொடக் கூடாது."

"உன்னால முடியாதுடா."

"முடியும்."

நாற்காலிக்குப் பக்கத்தில் பாயை உதறிப் போட்டுப் படுத்தான். பட்டப்பகலில் அவன் படுத்து அந்த வீடு பார்த்ததில்லை. கண்ணை மூடியதுதான் தாமதம், துண்டுக்கு அடியில் முள் எங்கே நிற்கிறதோ என்று மனசு போய் நின்றது. அண்ணன் கடையைப் பூட்டியிருப்பாரா? பூட்டை இழுத்துப் பார்த்திருப்பாரா? வாத்தியார் வீட்டுக்கு லாரி போய்ச் சேர்ந்திருக்குமா? வலது கால் ஆடத் தொடங்கியது. இடது காலைத் தூக்கி அதன்மேல் போட்டு அழுத்திக்கொண்டான்.

பாட்டில் விடாமல் குளுகுளுத்தது. வெகுநேரம் கழித்து மேலே நாற்காலி கிரீச்சிட்டது.

"தூங்கிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார் அப்பா.

எழுந்து உட்கார்ந்து இன்னும் தூங்கவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தூங்குகிறவனைப் போல மூச்சை நீளமாக இழுத்து விட்டான். அப்பாவின் கை நாற்காலிக் கையைவிட்டு எழுகிற சத்தம் கேட்டது. அது திருகுப் பக்கம் போகிறதா என்று அவன் காது மட்டும் விழித்துக்கொண்டு காத்திருந்தது.

கை கீழே வந்து, பாய்க்கு வெளியே கிடந்த போர்வையை இழுத்து அவன் காலை மூடியது. குமிழிச் சத்தம் மாறவில்லை.

"அப்பாடா" என்றார் அப்பா, முழு மூச்சாக.